பழைய மார்ட்டின் டி-18: எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது

பென்சில்வேனியாவின் நசரேத் ஊரில் 1950-களில் செய்த ஒரு மார்ட்டின் டி-18 கிட்டார் மோசமான நிலையில் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டாப்பில் (முன்பலகையில்) நீள விரிசல், பின்விளிம்பு தூக்கிய பிரிட்ஜ் (டாப்பின் மேல் ஸ்ட்ரிங்குகளைப் பிடித்திருக்கும் கட்டை), உள்ளே கழன்று அதிரும் பிரேஸ் (டாப்பைத் தாங்கும் சட்டம்), 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வாசிக்கவே முடியாத உயரத்தில் ஸ்ட்ரிங். கோளாறு நான்கு, காரணம் இரண்டுதான். லைட் கேஜ் (மெல்லிய வகை) ஸ்ட்ரிங்குகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கின்றன. வறண்ட காற்றில் மரம் சுருங்கியிருக்கிறது.

எனவே பசையை எடுப்பதற்கு முன் ஈரப்பதத்தைக் கவனியுங்கள். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, கேஸுக்குள் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் பல விரிசல்கள் தானாகவே நெருங்கி வரும். வறண்ட மரத்தை கிளாம்ப் போட்டு இறுக்கி ஒட்டினால், அடுத்த கோடையில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று விடும்.

அதன் பிறகு சவுண்ட்ஹோல் (டாப்பிலுள்ள வட்டத் துளை) வழியாகச் சிறு கண்ணாடியும் விளக்கும் விட்டு உள்ளே பாருங்கள். டாப்பை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தால், பிரேஸ் விட்ட இடத்தில் சத்தம் பிசிறடிக்கும். மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் விட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒட்டுவதற்கு ஹைட் க்ளூ, நம் தச்சர்களின் பழைய வச்சிரம், அது மட்டும் போதும். குளிர்ந்த நீரில் ஊறவைத்து 60 டிகிரி செல்சியஸில் சூடாக்க வேண்டும். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். பூசிய பின் ஒரு நிமிடம்கூடக் கையில் இருக்காது என்பதால் கிளாம்புகளை முன்கூட்டியே பொருத்திப் பார்த்து வைக்கவும். வெள்ளைப் பசை ஓயாத இழுவிசையில் மெல்ல நழுவும். எபாக்ஸி போட்டால் அடுத்தவர் பிரிக்கவே முடியாது. வச்சிரத்தை வெந்நீரும் சூடும் இளக்கிவிடும். முன்பு யாராவது வெள்ளைப் பசை தடவியிருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்தாக வேண்டும், அதன் மேல் வச்சிரம் பிடிக்காது.

ஒட்டிய விரிசலுக்கு உள்பக்கம் ஸ்ப்ரூஸ் மரக் கிளீட் (சிறு தாங்குத் துண்டு) வையுங்கள்: 12 மில்லிமீட்டர் சதுரம், 2 மில்லிமீட்டர் தடிமன், ஓரங்கள் சரிவாக, நார் விரிசலுக்குக் குறுக்காக, 4 முதல் 5 சென்டிமீட்டருக்கு ஒன்று. மூடாமல் நின்றுவிட்ட அகல விரிசலுக்கு ஸ்ப்ரூஸ் சீவல் செருகுவதே சரி. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தால் விட்டுப்போகும்.

பிக்கார்ட் (டாப்பைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) ஓரமாகப் பிரிட்ஜிலிருந்து சவுண்ட்ஹோல் வரை ஓடும் விரிசல் அந்தக் கால மார்ட்டின்களில் சர்வ சாதாரணம். செல்லுலாய்டு பிக்கார்டை வெறும் மரத்தின் மேல் நேரடியாக ஒட்டினார்கள். அது வருடங்கள் போகப்போகச் சுருங்கி, அடியிலிருக்கும் மென்மையான ஸ்ப்ரூஸையும் சேர்த்து இழுத்துக் கிழிக்கிறது. பிக்கார்டைக் கழற்றாமல் விரிசலை ஒட்டினால் மறுபடி வரும். லேசாகச் சூடேற்றிய மெல்லிய ஸ்பாட்டுலாவை நார் போகும் திசையில் நுழைத்துப் பொறுமையாகக் கழற்றுங்கள். செல்லுலாய்டு குபீரென்று தீப்பிடிக்கும், ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். விரிசலை ஒட்டியபின் வெறும் மரத்துக்கு லாக்கர் (மெருகுப் பூச்சு) பூசி, இருபக்க டேப்பில் பிக்கார்டைத் திரும்ப ஒட்டினால் இரண்டும் தனித்தனியாக அசைய இடம் கிடைக்கும்.

அடுத்தது நெக்கின் (கிட்டாரின் கழுத்தின்) கோணம். ஃப்ரெட்டுகளின் மேல் நேர்கோலை வைத்தால் அதன் முனை பிரிட்ஜின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். 3 மில்லிமீட்டர் கீழே இடித்தால் நெக் ரீசெட் (நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்தி மீண்டும் பொருத்துவது) தவிர வேறு வழியில்லை. பிரிட்ஜைச் சீவி ஸ்ட்ரிங்கை இறக்குவது குறுக்குவழி. பிரிட்ஜும் பிளந்து, கோணமும் அப்படியே இருக்கும். ரீசெட்டுக்கு 15-ஆம் ஃப்ரெட்டை எடுத்து, அந்தப் பள்ளத்தில் 2 மில்லிமீட்டர் துளையிட்டு, டவ்டெய்ல் (நெக்கும் உடலும் கோத்திருக்கும் மூட்டு) இடைவெளிக்குள் ஊசிக்குழாய் வழியே நீராவி விடவேண்டும். ஃபிங்கர்போர்டின் (ஃப்ரெட்டுகள் பதித்த பலகையின்) நுனியை முன்பே சூடேற்றிப் பிரித்திருக்க வேண்டும்.

ஹீலில் (நெக் உடலோடு சேரும் அடிப்பகுதியில்) எவ்வளவு சீவுவது? பிரிட்ஜில் தேவையான ஏற்றத்தை ஹீல் நீளத்தால் பெருக்கி, 14-ஆம் ஃப்ரெட்டிலிருந்து சேடில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங்குகள் ஏறி நிற்கும் துண்டு) வரை உள்ள தூரத்தால் வகுக்கவும். 645 மில்லிமீட்டர் ஸ்கேலில் (அதிரும் ஸ்ட்ரிங்கின் முழு நீளம்) அந்தத் தூரம் ஏறக்குறைய 287. ஹீல் 90, ஏற்றம் 3 என்றால் 0.94 மில்லிமீட்டர். ஹீலின் அடியில் இந்த அளவு, ஃபிங்கர்போர்டை நெருங்கும்போது பூஜ்யம். தளர்ந்துவிடும் டவ்டெய்லுக்கு மெல்லிய மஹோகனி ஷிம் (இடைச்செருகல்).

இந்த நெக்கில் திருகி நேராக்கும் ட்ரஸ் ராடு கிடையாது; இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக 1934 முதல் 1967 வரை உள்ளே இருந்தது டி வடிவ எஃகுப் பட்டை. முன்பக்கம் வளைந்திருந்தால் சற்றே அகலமான டாங் (பள்ளத்தில் இறங்கும் அடிவிளிம்பு) உள்ள ஃப்ரெட்டுகளை அடித்து நிமிர்த்துவார்கள்.

லாக்கரைச் சுரண்டிப் புதிதாக அடிக்காதீர்கள். ஒலியும் மதிப்பும் இரண்டும் போகும். நாஃப்தா (பெட்ரோலியக் கரைப்பான்) தோய்த்த துணியால் அழுக்கெடுத்து, பெயர்ந்த இடத்தில் மட்டும் நைட்ரோ லாக்கரைத் துளித்துளியாக நிரப்பினால் போதும்.

கடைசியாக எலும்பு நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் துண்டு), சேடில் போட்டு, 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த ஸ்ட்ரிங் 2.4, மெல்லிய ஸ்ட்ரிங் 1.8 மில்லிமீட்டரில் நிற்கும்படி சரிசெய்யவும். முதல் இரண்டு நாள் ஒரு முழு சுருதி குறைத்தே வைத்து, பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதம் நுழைகிறதா என்று காலை மாலை சோதித்த பிறகே சரியான சுருதிக்கு ஏற்றவும்.