நீலம் நிற்காத தாள்

மார்ச் 3

சயனோடைப், அதாவது இரும்பு உப்புகளைத் தாளில் பூசி வெயிலில் எடுக்கும் நீல அச்சு, மூன்றாவது முறையாகச் சொதப்பியது. பூச்சு நன்றாகத்தான் காய்ந்தது, வெயிலில் நிறமும் மாறியது. தண்ணீரில் போட்டதும் மெல்லிய நீலமெல்லாம் கரைந்து போய், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அழுக்கு மஞ்சள். கரைசல் பழசாகிவிட்டதோ என்று புதிதாகக் கலந்தேன்: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், தனித்தனியாக 100 மில்லி தண்ணீரில். பூசும்போது இரண்டும் சம அளவு. பலன் அதே மஞ்சள்தான்.

மார்ச் 5

குற்றவாளி தாள். உறையில் 'அமிலமற்றது' என்று போட்டிருந்ததை நல்ல சான்றிதழாக நினைத்துத்தான் வாங்கினேன். வருஷக்கணக்கில் பழுக்காமல் இருக்க அதில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருக்கிறார்கள், அதாவது சுண்ணாம்புத்தூள். ஓவியருக்கு அது வரம். நமக்கு வினை: அச்சின் நிறமியான பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகவே ஆகாது, பிரிந்து இரும்புக்கறையாகிவிடும்.

ஒரு துண்டில் அமிலத்துளி விட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பொடிப்பொடியாய்க் குமிழ்கள். அப்புறம் என்ன சந்தேகம்?

மார்ச் 8

மீதித் தாள்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சுண்ணாம்பைக் கரைத்தெடுக்க, 10 சதவீத சல்ஃபாமிக் அமிலத்தில் ஒவ்வொன்றாக ஊறவைத்தேன். தட்டில் சோடா ஊற்றியது போல் சீறியது. குமிழ் அடங்கும்வரை காத்திருந்து, நாலைந்து தண்ணீர் மாற்றி அலசிக் கொடியில் மாட்டினேன். காய்ந்த பிறகு எது முன்பக்கம் என்று தெரியாமல் விழித்ததுதான் மிச்சம். முதலிலேயே பின்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கலாம்.

மார்ச் 9

நீலம் நின்றது! ஆனால் ஊறியதில், தாளின் நாரைப் பிடித்து வைத்திருக்கும் பசை கொஞ்சம் விட்டிருக்கிறது. தூரிகை இரண்டாம் முறை போனதும் நார் எழும்பி, மேற்பரப்பு பஞ்சாகிவிட்டது. இனி தூரிகை இழுப்பு ஒன்றுதான், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

மார்ச் 14

புதுத் தாள், ஹானமூலே பிளாட்டினம் ராக், வந்தது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, முழுப் பருத்தி, சுண்ணாம்பு கிடையாது. இந்த மாதிரி அச்சுகளுக்கென்றே செய்த தாள். கரைசல் உள்ளே ஓடாமல் மேலேயே சமமாகப் படிந்தது. அலசும்போது தொட்டியிலிருந்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் பாரத்தில் கிழியும். எதிரெதிர் மூலைகள் இரண்டையும் பிடித்துச் சாய்த்துத் தண்ணீர் வடித்தேன். படத்தின் நிழல் பகுதிகளில் நீலத்துக்கு இருந்த ஆழம் பழைய தாளில் நான் பார்க்காதது. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை, அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதித்த முறை. நான் தாளைப் புரிந்துகொள்ளவே பத்து நாள்.

ஒரே ஒரு குறை. உறையைப் பிரிக்கும்போது கையுறை போடவில்லை. படத்தில் வானத்தின் மேல் ஓரத்தில் பூச்சு ஒட்டாமல் வெளிறி நிற்கிறது என் கட்டைவிரல், ரேகையோடு.