மொய்னா வெயிலுக்குப் பழகுதா, பரம்பரையே மாறுதா? கொளத்தூர் மொட்டைமாடி, 12-ம் வாரம்

கப்பி மீன் குஞ்சுக்குத் தீனியாகப் போடும் அதே மொய்னாதான், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நீர்த்தெள்ளு. பிறந்த நாலைந்து நாளில் அதுவே குட்டி போட்டுவிடும். பங்குனியில் ஆரம்பித்தால் கத்திரி முடிவதற்குள் பத்துத் தலைமுறை தாண்டும்.

20 லிட்டர் டப் ஆறு: மூன்று வெயிலில், மூன்று பச்சை வலை நிழலில். மெட்ரோ தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். டப்புக்கு அரை கிராம் ஈஸ்ட். தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுத்த தீனி. அவசரப்பட்டால் ராத்திரியில் ஆக்சிஜன் தீர்ந்து, விடியும்போது டப் நாறிவிடும்.

முதல் சுற்று வீண். ஒரே கடையில் வாங்கிய ஒரே பை. பெண் மொய்னா ஆண் துணையில்லாமல் தன் நகலையே பெற்றுக்கொண்டு போகும். எல்லாம் நகலாக இருந்தால் வெயில் எதைத் தேர்ந்தெடுக்கும்? இரண்டாம் சுற்றில் நாலு இடத்து மொய்னாவைக் கலந்துதான் ஆறு டப்பிலும் விட்டது.

அடுத்த சிக்கல், சாவது சூட்டிலா மூச்சுமுட்டியா என்பது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 35 டிகிரியில் 7-க்கு இறங்கிவிடும். உடம்பு சிவந்தால் ஆக்சிஜன் போதாமல் ஹீமோகுளோபின் ஏற்றுகிறது என்று அர்த்தம். ஆறு டப்புக்கும் ஏர் பம்ப் போட வேண்டும். ஏர் ஸ்டோன் வேண்டாம், பொடிக்குமிழி ஓட்டுக்குள் புகுந்து மொய்னாவை மேலே மிதக்கவிட்டுவிடும். வற்றிய தண்ணீருக்குப் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறி, சூட்டுச் சோதனை உப்புச் சோதனையாகிவிடும். ஆர்ஓ தண்ணீரே சரி.

சோதனைக்கு ஒரே அளவுள்ள, முட்டையில்லாத பத்துப் பெண் மொய்னா. கண்ணாடி டம்ளரில் விட்டு, வெந்நீர் பேசினில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்ற வேண்டும். நீச்சல் நின்று அடியில் விழும் டிகிரியைக் குறிக்க வேண்டும்.

வெயில் டப் மொய்னா கூடுதலாகத் தாங்கியது. ஆனால் அதையே நிழலில் வைத்து இரண்டு தலைமுறை கழித்துப் பார்த்ததில் வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது. அம்மா பட்ட சூடு குட்டியிடம் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு தலைமுறை இடைவெளி இல்லாமல் 'மாறிவிட்டது' என்று சொல்லவே கூடாது.

உண்மையிலேயே மாறும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃபெல்ப்ரிக் ஹால் ஏரி சாட்சி. வண்டலில் உறங்கிய, மொய்னாவின் உறவான டாஃப்னியாவின் பழைய, புதிய முட்டைகளைப் பொரிக்கவைத்து ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வந்தது. சில பத்தாண்டுகளிலேயே சூடு தாங்கும் திறன் பரம்பரையாகக் கூடியிருந்தது.

இப்போது தீனியைக் குறைத்தாயிற்று. கூட்டம் நெருக்கினால் ஆண்கள் தோன்றும், பிறகு பழுப்புப் புள்ளியாக உறங்கு முட்டை அடியில் சேரும். அந்த வண்டலை நிழலில் உலர்த்தி, டப் எண் எழுதிய காகித உறையில் வைத்தால் அடுத்த பங்குனியில் ஆறு டப் வண்டலையும் ஒரே நாளில் நனைத்துப் பொரிக்கவைக்கலாம்.