மோரியாவில் மேப்பை நம்பினால் வழி தவறும்: பாதி தூரக் குறிப்பு

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டின் முதல் எக்ஸ்பான்ஷனாக (கூடுதல் பகுதியாக) 2008 நவம்பரில் வந்தது மோரியா. கதாபாத்திரம் எட்டக்கூடிய லெவல் வரம்பு அப்போது 50-லிருந்து 60 ஆனது. குள்ளர்கள் குடைந்த இந்த நிலவறை நகரம் ஒன்பது பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. இதுவரை நான் முடித்தவை மூன்று: கிரேட் டெல்விங், சில்வர்டைன் லோட்ஸ், ஜெலெம்-மெலெக்.

முதலில் வாகனம். உள்ளே குதிரை ஏற முடியாது, ஆடுதான். ஒரு லாயத்துக்கு நேரில் போய் லாயக்காரரிடம் பேசினால்தான் அது பயணப் பட்டியலில் சேரும். ஆகவே வழியில் எந்த முகாம் கண்ணில் பட்டாலும், குவெஸ்ட் (விளையாட்டு தரும் பணி) இல்லாவிட்டாலும், லாயத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போங்கள். டூரின்ஸ் த்ரெஷோல்டு, டால்வென்-வியூ, ட்வென்ட்டி-ஃபர்ஸ்ட் ஹால் மூன்றையும் திறந்துவிட்டால் மேற்குப் பாதி கைக்குள் வந்த மாதிரி. மைல்ஸ்டோனை, அதாவது ஒரு ஸ்கில்லால் நினைத்தபோது திரும்பி வரும் இடத்தை, ட்வென்ட்டி-ஃபர்ஸ்ட் ஹாலில் கட்டிக்கொள்வது நல்லது. அந்த ஸ்கில்லின் கூல்டவுன் (மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) ஒரு மணி நேரம், எனவே சும்மா வீணாக்கக் கூடாது.

இங்கே ஆளைச் சுற்றவிடுவது தூரம் அல்ல, உயரம். மேப் ஒரே தட்டையான படம். ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும் மூன்று நடைபாதைகள் அதில் ஒரே கோடாகத் தெரியும். குவெஸ்ட் அம்புக்குறியும் திசையை மட்டும்தான் காட்டும். புள்ளியின் மேலேயே நின்றுகொண்டு எதுவும் இல்லையே என்று தேடினால், தேடும் பொருள் இரண்டு அடுக்கு கீழே இருக்கும்.

இதற்கு உள்ளபடியே உதவியது சாட் பெட்டியில் அடிக்கும் ‘/லோக்’ கட்டளை (ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). வரும் வரியின் கடைசியில் ஓ-எக்ஸ், ஓ-ஒய், ஓ-இசட் என மூன்று எண்கள் இருக்கும். முதல் இரண்டும் கட்டத்துக்குக் கட்டம் மறுபடி தொடங்குபவை, விட்டுவிடலாம். ஓ-இசட்தான் உயரம். முகாமில் ஒரு தடவை, ஒவ்வொரு படிக்கட்டின் தலையிலும் காலிலும் ஒரு தடவை அதைத் தாளில் குறித்துக்கொண்டே போனால், பத்துப் பதினைந்து எண்களுக்குள் எந்தப் பாதை எந்த அடுக்கு என்பது பிடிபட்டுவிடும். சில்வர்டைனில் இந்தத் தாளில்லாமல் இறங்க வேண்டாம். அங்கே சுரங்க வழிகள் ஒன்றைப் போலவே இன்னொன்று.

குறுக்கு வழி என்று விளிம்பிலிருந்து குதிப்பது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. சிறிய உயரம் என்றால் காலில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் வேகம் குறையும், பள்ளம் ஆழமென்றால் கதாபாத்திரம் வீழ்ந்துவிடும். அதே அவசரம் ஆட்டின் மேலும் கூடாது. சாதாரண வகை வாகனம் 62% வேகம் கூட்டும், ஆனால் தாங்குதிறன் வெறும் 100. எதிரிகளான ஓர்க்குகள் நிற்கும் கூடத்தின் நடுவே ஓட்டினால் சில அடி வாங்கியதுமே தரையில் விழுவீர்கள். 68% வேகமும் 250 தாங்குதிறனும் உள்ள வகைக்கு ரெப்யூடேஷன் (ஒரு குழுவிடம் சேர்க்கும் நற்பெயர்) வேண்டும். மோரியாவின் குள்ளர் குழுவான அயர்ன் கேரிசனில் காவலர், சுரங்கத்தார் என இரண்டு தனிக் கணக்குகள் உண்டு. ஒன்றுக்குச் செய்த வேலை மற்றதில் ஏறாது.

விளையாட்டுக்குள் கைத்தொழில் செய்பவர்கள் கஸாத் செம்பு, கஸாத் இரும்பு படிவுகளைக் கண்டால் விடாமல் வெட்டிக்கொள்ளலாம், சுவரோரம் பார்த்துக்கொண்டே போனால் போதும்.

அடுத்து வாட்டர்-வொர்க்ஸ். அதன்பின் ஃப்ளேமிங் டீப்ஸ். எல்லாவற்றிலும் ஆழமான ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் ஸ்டோன் கடைசியில். அதற்கு முன் ஓ-இசட் தாளில் ஜெலெம்-மெலெக்கின் கிழக்குப் படிக்கட்டுகள் இன்னும் காலியாகக் கிடக்கின்றன, அவற்றை நிரப்ப வேண்டும்.