தழும்பின் மேல் போட்ட பழி

மார்ச் 3, 2025, திங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. பித்தப்பை நிறையக் கற்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே கவ்விப் பிடித்து, முதுகு வரைக்கும் போகிற வலிக்கு இவைதான் காரணம் என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். வருஷக்கணக்காக என்றேன். பிறகு ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று அவர் கேட்காமலே என்னைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் என் வயிறு எதற்கு வலித்தாலும் காரணம் முன்பே தயாராக இருக்கும். "கைக்குழந்தையிலயே கத்தி வச்ச வயிறு, அப்படித்தான் இருக்கும்." பரீட்சை பயத்தில் வலித்தாலும் அதேதான், மாதவிடாய்க்கு வலித்தாலும் அதேதான். நாற்பத்துமூன்று வயதாகிறது. இன்னும் அந்த வாக்கியத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

மார்ச் 5, புதன்

சர்ஜனைப் பார்த்தேன். படுக்கச் சொன்னார், புடவையை விலக்கியதும் கை நின்றுவிட்டது. "இது என்ன?"

வயிற்றின் மேல்பாகத்தில், வலப்பக்கமாக, குறுக்கே ஓடும் தழும்பு. இரண்டு ஓரத்திலும் தையல் போட்ட புள்ளிகள் வரிசையாக இருப்பதால் பூரான் படுத்திருக்கிற மாதிரி தெரியும். குழந்தையாக இருந்தபோது இரண்டு விரல் அகலம்கூட இருந்திருக்காது. உடம்போடு சேர்ந்து அதுவும் வளர்ந்து இப்போது என் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. நடுவில் தோல் அடியில் உள்ள தசையோடு ஒட்டிக்கொண்டதால் சின்னப் பள்ளம். மூச்சை இழுத்தால் அந்த இடம் மட்டும் உள்ளே போகும். மகனைச் சுமந்தபோது கடைசி மூன்று மாதமும் அங்கேதான் அரிப்பு.

"குழந்தையில வயித்துல ஆபரேஷன்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. "வயித்துல என்ன ஆபரேஷன்?" எனக்குத் தெரியாது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன். பார்த்த டாக்டர்களிடமெல்லாம் அந்த ஒரே வரியைத்தான் சொல்லியிருக்கிறேன். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

அவர் விளக்கினார். அந்த வயதில் அந்த இடத்தில் கத்தி வைக்க மூன்று காரணங்கள் அதிகம். ஒன்று, இரைப்பையின் வாய் தடித்து அடைபடும் பைலோரிக் ஸ்டெனோசிஸ். இன்னொன்று, முன்சிறுகுடல் பிறவியிலேயே அடைபட்டிருப்பது. மூன்றாவது, குடல் சரியாகத் திரும்பாமல் முறுக்கிக்கொள்வது. மூன்றாவது என்றால் ஆபரேஷன் முடியும்போது சிறுகுடல் வலப்பக்கமும் பெருங்குடல் இடப்பக்கமும் வைக்கப்பட்டிருக்கும். குடல்வாலையும் பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். "நாளைக்கு உங்களுக்கு வயித்து வலின்னு வந்தா, பார்க்கிற டாக்டர் எங்கே தேடணும்னு அதை வச்சுத்தான் முடிவாகும்" என்றார்.

பழைய பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். 1981-ல் நடந்ததற்கு எங்கள் வீட்டில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. "அம்மா இருக்காங்களா? அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வாந்தி என்ன கலர்?"

மார்ச் 6, வியாழன்

அம்மாவிடம் போனில் கேட்டேன். நான் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை. ஒரு மணி நேரம் பேசினாள்.

"பச்சை எல்லாம் இல்லடி. வெறும் பாலு. திரிஞ்ச பாலு. குடிச்ச அஞ்சு நிமிஷத்துல பீச்சி அடிப்பே. எதிர்ல இருக்கிற சுவத்துல போய் விழும். வாந்தி எடுத்த கையோட திரும்பப் பசின்னு அழுவே. வயித்துக்கோளாறு வந்த குழந்தை இப்படிக் கேட்டுக் குடிக்குமான்னு எல்லாரும் சொன்னாங்க." பிறந்து மூன்று வாரத்தில் ஆரம்பித்து, ஐந்தாவது வாரம் வந்தபோது பிறந்த எடையைவிடக் குறைந்துவிட்டேனாம். பால் குடித்ததும் என் வயிற்றில் இடமிருந்து வலமாக ஏதோ உருண்டு போவது தோலுக்கு மேலேயே தெரிந்தது என்றாள். முதலில் பார்த்த டாக்டர் பால் அதிகமாகக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சேர்த்த அன்றே ஆபரேஷன் செய்யவில்லையாம். தலையில் ஒரு பக்கம் முடியை மழித்து அந்த நரம்பில் டிரிப் ஏற்றினார்கள். "பிள்ளை செத்துக்கிட்டிருக்கு, இவங்க தண்ணி ஏத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களேன்னு உங்கப்பா சண்டைக்கே போயிட்டாரு." அம்மாவை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தாள். அந்த நாட்களில் பால் கட்டிக்கொண்டு, பிறகு வற்றியே போய்விட்டது. இதை என்னிடம் அவள் இதற்கு முன்னால் சொன்னதே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சர்ஜனுக்கு போன் செய்து அம்மா சொன்னதைச் சொன்னேன். "பைலோரிக் ஸ்டெனோசிஸ்தான்" என்றார், சந்தேகமே இல்லாத குரலில். பச்சை என்றால் பித்தம். அடைப்பு பித்தம் வந்து சேரும் இடத்துக்குக் கீழே என்று அர்த்தம். வெறும் பால் என்றால் அடைப்பு அதற்கு மேலே, இரைப்பையின் வாயிலேயே.

இன்று முழுக்க அதைத்தான் படித்தேன். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் வளையம்போல ஒரு தசை, பைலோரஸ். சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் அது தடித்துப்போய் வழியை அடைத்துவிடுகிறது. தசையின் தடிமன் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஸ்கேனில் சந்தேகப்படுவார்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு அதிகம், அதிலும் தலைப்பிள்ளைகளுக்கு. நான் பெண், இரண்டாவது. விதிவிலக்காக வந்திருக்கிறேன்.

1888-ல் ஹிர்ஷ்ஸ்பிரங் என்ற டென்மார்க் டாக்டர் இதைத் தெளிவாக எழுதி வைத்தபோது சிகிச்சை என்று ஒன்றும் இல்லை. பிறகு இரைப்பையைக் குடலோடு வேறு வழியில் இணைக்கும் பெரிய ஆபரேஷன்கள் வந்தன. பாதிக்குப் பாதி பிழைத்தாலே பெரிது. 1911-ல் ஜெர்மனியில் ராம்ஸ்டெட் ஒரு குழந்தையின் தடித்த தசையை நீளவாக்கில் கீறி, அதை வேறு விதமாகச் சேர்த்துத் தைக்கப் பார்த்தார். தையல் நிற்கவில்லை, பிய்த்துக்கொண்டு வந்தது. குழந்தை பிழைத்தது. அப்படியானால் தையலே வேண்டாம் என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டு வந்த குழந்தைக்குத் தசையை மட்டும் பிளந்து, உள்தோலைத் தொடாமல், திறந்தபடியே விட்டார். இன்றைக்கும் செய்வது அதுதான். கேமரா வைத்துச் செய்கிறார்கள், கீறல் சின்னதாகிவிட்டது, அவ்வளவே.

ஆக, என் இரைப்பையிலிருந்து எதையும் வெட்டி எடுக்கவில்லை. எதையும் வேறொன்றோடு இணைக்கவில்லை. பிளந்த தசை சில மாதங்களில் சாதாரணத் தடிமனுக்கு வந்துவிடும். "பாதி வயித்தை எடுத்துட்டாங்க" என்று ஒரு உறவினர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அதை நம்பித்தான் பள்ளியில் எனக்கு விளையாட்டுப் பீரியடே இல்லாமல் போனது.

அப்பா சண்டை போட்ட டிரிப்புக்கும் விடை கிடைத்தது. ஓயாத வாந்தியில் இரைப்பை அமிலமும் குளோரைடும் போய், பொட்டாசியமும் குறைந்து, ரத்தம் காரத்தன்மைக்கு மாறிவிடும். அந்த நிலையில் மயக்கம் கொடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். உப்புகளைச் சரிசெய்த பிறகுதான் கத்தி. அவசரம் தண்ணீருக்குத்தான், ஆபரேஷனுக்கு இல்லை. இதை அன்றைக்கு யாராவது இரண்டு நிமிஷம் செலவழித்து அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் நாள். ரத்த அழுத்தம், பல், அலர்ஜி எல்லாம் கேட்டு முடித்ததும் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு மயக்கமே கொடுக்காமல் ஆபரேஷன் செய்தார்கள் என்று படித்தேன். உண்மையா?"

அவர் மழுப்பவில்லை. உடம்பு அசையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலிக்கான மருந்தைக் குறைத்தோ கொடுக்காமலோ செய்த இடங்கள் உலகம் முழுக்க இருந்தன என்றார். பச்சிளம் குழந்தைக்கு வலி பதியாது என்ற நம்பிக்கை ஒரு பக்கம், மருந்தின் மேல் இருந்த பயம் மறுபக்கம். 1987-ல் ஆனந்த் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் ஆக்ஸ்ஃபோர்டில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு உடம்பின் அதிர்ச்சியும் குறைவு, ஆபரேஷனுக்குப் பின் சிக்கலும் குறைவு. அதற்குப் பிறகுதான் வழக்கம் மாறியது.

எனக்கு 1981-ல் என்ன கொடுத்தார்கள்? சொல்ல ஆள் இல்லை. "உங்களுக்கு அது நினைவில் இருக்காது. ஆனா உடம்பு முழுசா மறந்துடுச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன்" என்றார். பிறந்ததும் வலி நிவாரணி இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், சில மாதம் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகமாக அழுதார்கள் என்று கனடாவில் பார்த்திருக்கிறார்களாம். அது மாதக்கணக்கு. நாற்பது வருஷக் கணக்கு யாரிடமும் இல்லை.

சரி, மயக்கம் கொடுத்திருந்தால் மூளைக்குக் கெடுதலா என்று அடுத்ததைக் கேட்டேன். (என் கணக்குப் பாட மார்க்குக்கு ஒரு காரணம் கிடைக்குமே என்ற ஆசைதான்.) சிரித்தார். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே ஒரு மயக்கம் பெற்ற குழந்தைகளை ஐந்து வயதில் சோதித்த பெரிய ஆய்வு 2019-ல் வந்தது, அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்றார். கணக்குக்கு நானே பொறுப்பு.

மார்ச் 18, செவ்வாய்

நாளை அட்மிஷன், பித்தப்பையை எடுக்க. தழும்பின் அடியில் ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்பதால் கேமரா போகும் முதல் துளையைக் குருட்டாம்போக்கில் குத்தாமல், தொப்புளில் சின்னதாகத் திறந்து கண்ணால் பார்த்தபடி உள்ளே போகப் போவதாக சர்ஜன் சொன்னார். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 20, வியாழன்

முடிந்தது. தோள்பட்டையில் வலி, வயிற்றில் ஏற்றிய வாயுவால் வருவதாம்.

காலையில் சர்ஜன் வந்து வீடியோவை போனில் காட்டினார். பளபளப்பான மஞ்சள் கொழுப்புத் திரை ஒன்று மேலே போய், உட்புறச் சுவரில், சரியாகத் தழும்புக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. கத்தரி நுனி நான்கைந்து முறை வாய் திறந்து மூடியதும் கழன்று கீழே விழுந்தது. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. "நாற்பது வருஷமா இங்கேதான் இருந்திருக்கு. குடல் எதுவும் மாட்டல, கொழுப்பு மட்டும்தான். இது வலிச்சிருக்க வாய்ப்பு குறைவு" என்றார். குடல்வாலும் அதனிடத்தில் இருக்கிறது, பைலோரஸும் எல்லாருக்கும் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. பித்தக்கல்லுக்கும் அந்தப் பழைய ஆபரேஷனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா வந்து தங்கியிருக்கிறாள். தட்டில் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். "போதும்டி, வாந்தி எடுத்துடுவே" என்றாள்.

நான் கடைசியாக எப்போது வாந்தி எடுத்தேன் என்று கேட்டேன். அவளுக்கும் நினைவில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் நான் சாப்பிட்ட எல்லாத் தட்டுக்கும் மேலே தொங்கியிருக்கிறது. பசி முழுசாக அடங்கும் முன்பே எழுந்துவிடும் பழக்கம், வெளியூரில் சாப்பிடப் பயம், வயிறு நிறைந்தால் ஏதோ தப்பு நடக்கப்போகிறது என்ற எண்ணம், இவற்றை எந்த சர்ஜனும் எனக்குள் வைத்துத் தைக்கவில்லை. கோபமாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவள் என்பது நினைவுக்கு வந்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது. அம்மா பதில் பேசவில்லை. ஆனால் இரவில் தட்டில் கூடுதலாகவே வைத்தாள். அதுவும் ஒருவித வீம்பு.

ஏப்ரல் 13, ஞாயிறு

மகனிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று கிடைத்தது. பைலோரிக் ஸ்டெனோசிஸ் குடும்பத்தில் வரக்கூடியது. செட்ரிக் கார்ட்டர் என்ற மரபியல் டாக்டர் 1960-களில் பிரிட்டனில் போட்ட கணக்கு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த நோய் வந்த அப்பாவின் மகன்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வந்தது, அம்மாவுக்கு வந்திருந்தால் மகன்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு. பெண்களுக்கு எளிதில் வராத நோய் என்பதால், வந்த பெண்ணிடம் மரபின் சுமை அதிகம் இருக்கும் என்பது அவருடைய விளக்கம்.

ஐந்தில் ஒன்று. அவன் பிறந்தபோது குழந்தை டாக்டரிடம் நானோ அம்மாவோ இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குடும்ப வாக்கியம் வயிற்று வலிக்கெல்லாம் வந்தது, வரவேண்டிய அந்த ஒரு இடத்துக்கு வரவில்லை. பிறந்த முதல் இரண்டு வாரத்தில் எரித்ரோமைசின் வகை ஆன்டிபயாடிக் கொடுத்தால் இந்த ஆபத்து கூடும் என்பதும் அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவனுக்கு ஒன்றும் வரவில்லை, தப்பித்தான்.

அவனுக்கு விவரமாக எழுதி அனுப்பினேன். "சரி" என்று ஒரே சொல்லில் பதில். பதினேழு வயதில் அதுவே பெரிய உரையாடல்.

மே 4, ஞாயிறு

முதுகுக்குப் போகும் அந்த வலி திரும்பவே இல்லை. ஆனால் சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும் உணர்வு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இரைப்பை டாக்டர் என்டோஸ்கோப்பி செய்து பார்த்தார். குழாய் பைலோரஸைத் தடையில்லாமல் தாண்டியது, புண்ணும் இல்லை.

அப்படியானால் இது என்ன என்று கேட்டேன். இரைப்பையின் உணர்வு சிலருக்குக் கூர்மையாக இருக்கும் என்றார். பைலோரிக் ஸ்டெனோசிஸ் வந்து குணமான குழந்தைகளை அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளோடு ஒப்பிட்டு 2011-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நாள்பட்ட வயிற்று வலி இவர்களுக்குத்தான் அதிகம். காரணம் ஆபரேஷனா, பட்டினி கிடந்த வாரங்களா, மூக்கில் போட்ட குழாயா என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே இருப்பதில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ வரச் சொன்னார். விட்டுவிட்டு முறுக்கும் வலியோடு வாந்தியும், வயிறு உப்பி வாயு பிரியாமலும் இருந்தால் எந்நேரமானாலும் எமர்ஜென்சிக்குப் போய், தழும்பைக் காட்டி, பழைய ஆபரேஷனின் பெயரைச் சொல்லச் சொன்னார். இப்போது சொல்ல ஒரு பெயர் இருக்கிறது.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்போ நான் சொன்னது கொஞ்சம் சரிதானே?" என்றாள்.

"கொஞ்சம்" என்றேன்.