பங்குனித் தையல்

பங்குனி 3, செவ்வாய்

கோயில் மரப்பெட்டியைத் திறந்தாகிவிட்டது. தேரைச் சுற்றித் தொங்கவிடும் துணிக் குழாய்கள், எட்டுத் தொம்பையில் ஐந்து போச்சு. எலி. தேருக்குள் புதிதாகத் தைத்தாக வேண்டும்.

பங்குனி 5, வியாழன்

அத்தைக்குக் காய்ச்சல் விடவில்லை. கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள், பக்கத்து விரலும் கறுக்கிறது என்று மாமா போனில் சொன்னார். சர்க்கரை 300-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதாம். போனை அத்தையிடம் கொடுத்தார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "யாளி வெட்டியாச்சா?" என்றார்.

யாளியை யார் வெட்டுவது? அன்னம், தாமரை, கிளி வரைக்கும் எங்களால் சமாளிக்க முடியும். யாளி அத்தை கைக்கு மட்டும்தான் வரும். சாக்பீஸ் கோடு கூடப் போட மாட்டார், துணியை ரெண்டாக மடித்து நேராகக் கத்தரியை வைப்பார்.

பங்குனி 6, வெள்ளி

மதியம் மூன்று மணிக்கு மேல்தான் எல்லாரும் மண்டபத்துக்கு வர முடிகிறது. காலையில் உளுந்து பறிப்பு. காய் முற்றிவிட்டால் வயலிலேயே வெடித்துச் சிதறிவிடும், தேர்ச்சீலைக்காக அது காத்திருக்காது.

எலி கடித்ததைக் குப்பையில் போடச் சொன்னார்கள். டீச்சரக்கா விடவில்லை. பிரித்துப் பார்த்தால்தான் அந்தக் காலத்தில் எப்படித் தைத்தார்கள் என்று தெரியும் என்றார். பிரித்தோம். மேலே சிவப்பு. அதன்மேல் வெள்ளை அன்னம், மஞ்சள் தாமரை, பச்சைக் கிளி. ஒவ்வொன்றின் ஓரத்தையும் உள்ளே மடித்து ஹெம்மிங் போட்டு, சுற்றி வெள்ளை நாடா. உள்பக்கம் காடாத் துணி. சிவப்புக்கும் காடாவுக்கும் நடுவே இன்னொரு அடுக்கு இருந்தது: பழைய புடவைகள். அதில் ஒன்று கட்டம் போட்ட கூறைநாட்டுப் புடவை, ஜரிகை கறுத்துப்போய். யாரோ தன் கூறைப்புடவையையே கொடுத்திருக்கிறாள். கீழத்தெருப் பாட்டி அதைத் தடவிப் பார்த்து, "இது எங்க மாமியாவோடது" என்றார். மாமியார் அவருக்குச் சொந்த அத்தைதான். சின்ன வயதில் அந்தப் புடவை மடியில் தூங்கியிருக்கிறாராம்.

தஞ்சாவூரில் இதைத் தொழிலாகவே செய்கிற குடும்பங்கள் உண்டு. தொம்பை, அசைந்தாடி, தோரணம், குடை எல்லாமே அவர்கள் கையில் பிறப்பவை. எங்கள் கோயிலுக்கும் முன்பு அங்கிருந்துதான் வந்ததாம். கூலி கொடுக்க வழியில்லாத ஒரு வறட்சி வருஷத்தில் தெருப் பெண்களே ஊசியை எடுத்தார்கள் என்று அத்தை சொல்வார். அதிலிருந்து இது எங்கள் வேலை.

கிளம்பும் நேரத்தில் விழாக்குழு அண்ணன் ஒருவர் வந்து நின்றார். யாளி, மயில் எல்லாம் துணியிலேயே பிரிண்ட் போட்டுத் தருகிறார்களாம், ரெண்டே நாளில் கைக்கு வந்துவிடுமாம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எங்கள் சிரமத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. இந்தத் தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் கூட பங்குனியில் ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு உட்காருகின்றன. பிரிண்ட் வந்தால் அவர்கள் எங்கே உட்காருவார்கள்?

பங்குனி 9, திங்கள்

சிவப்பு சாயம் விடுகிறது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தேன், ரோஸ் ஏறிவிட்டது. கடைக்காரர் கெட்டிச் சாயம் என்று அடித்துச் சொல்லித்தான் கொடுத்தார்.

குடமுருட்டியில் தை மாசமே தண்ணீர் நின்றுவிட்டது, வெறும் மணல். மளிகைக்கடை அண்ணி வீட்டு போர்செட்டில் மொத்தத் துணியையும் அலசினோம். கல்லுப்பு போட்ட தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறட்டும். கோடை மழை ஒன்று அடித்தால் போதும், வெள்ளை அன்னம் எல்லாம் சிவந்துவிடும்.

பங்குனி 11, புதன்

இன்னும் விடுகிறது.

பங்குனி 14, சனி

மூன்றாம் அலசலில் தண்ணீர் தெளிந்தது. அப்பாடா.

இன்றைக்கு எழுத வேண்டியது வேறு. காலனியிலிருந்து அந்த அக்கா வந்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருஷம் தைத்தவர், நான்தான் கூப்பிட்டேன். வந்தவர் மண்டபத்து வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேர் துணியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருத்தி, என்னைப் பார்க்காமல், "சாமி மேல போடுற சீலை" என்றாள்.

ரத்தம் தலைக்கு ஏறியது. வடம் பிடிக்க எல்லாக் கையும் வேண்டும், உளுந்து பறிக்க எல்லாக் கையும் வேண்டும், ஊசி பிடிக்க மட்டும் கை பார்ப்பார்களா? இதை அப்படியே கேட்டேன். பதில் வரவில்லை. டீச்சரக்கா எழுந்துபோய் அந்த அக்கா கையைப் பிடித்து அழைத்துவந்து, தன் பக்கத்தில் உட்காரவைத்து, மயிலைக் கொடுத்தார். மயில் தோகையின் வளைவில் துணி சுருங்காமல் ஓரம் மடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தைத்தவர்களுக்குத் தெரியும். வளைவு நெடுக சின்னச் சின்னதாக வெட்டு விட்டு, ஒவ்வொரு துண்டாக உள்ளே தள்ளி, நகத்தால் அழுத்தி, பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார். ஒரு சுருக்கம் இல்லை.

"சாமி மேல போடுற சீலை" என்றவள் போகும்போது அந்த மயிலைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். நாளைக்கு வருவாளா தெரியவில்லை. வர வேண்டும். இரண்டு பேருமே வர வேண்டும்.

பங்குனி 15, ஞாயிறு

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். பாதி ஆள் ஆகிவிட்டார். இரண்டாவது விரலையும் எடுக்க வேண்டுமாம், செவ்வாயோ புதனோ.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். பழைய மாத காலண்டர் தாள். யாளி! துதிக்கை, பிதுங்கிய கண், மடங்கிய முன்கால், எல்லாமே. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் குட்டிக் கத்தரி வாங்கி வெட்டினாராம். நர்ஸ் பார்த்துத் திட்டிவிட்டு, அப்புறம் அவரே, அத்தை முழுசாக வெட்டி முடிக்கும்வரை நின்று பார்த்தாராம்.

"வாலை மேல தூக்கித் தைக்கணும்டி, தொங்க விட்டா நாயாப் போயிடும்" என்றார். "சரி அத்தை" என்றேன். காலனி அக்கா வந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "யாளி ஒண்ண அவகிட்ட குடு" என்றார்.

பங்குனி 18, புதன்

காப்புக் கட்டியாகிவிட்டது. இனி தேர் நிலைக்கு வரும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. ஆபரேஷன் நாளைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மாமாவுக்கு முதுகு முடியவில்லை, இரவில் அத்தைக்கு யார் துணை? பூசாரியிடம் கேட்டேன். நோயாளிக்குத் துணை இருப்பதை அம்மன் குற்றமாக எடுக்க மாட்டாள் என்றார். என் மாமியார் எடுத்துக்கொள்வார் போலிருக்கிறது. கடைசி பஸ் வரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதிலிருந்து மனசே சரியில்லை.

பங்குனி 19, வியாழன்

விரல் எடுத்தாகிவிட்டது. மயக்கம் தெளிந்து பேசினார். நான் திரும்பி வந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். யார் பெற்ற பெண்ணோ, நன்றாக இருக்க வேண்டும்.

தூக்கம் வரவில்லை. தேர் உயரத்தைப் பற்றியே நினைப்பு. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி, அதில் மரப்பகுதி ஏறக்குறைய 30 அடிதான், மீதியெல்லாம் மூங்கிலும் துணியும். எங்கள் தேர் சின்னது. ஆனால் இளவட்டங்கள் வருஷா வருஷம் ஒரு சுற்று மூங்கிலை மேலே ஏற்றிக் கட்டுகிறார்கள். 2022 சித்திரையில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிப் பதினோரு உயிர் போனது. பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இங்கிருந்து எவ்வளவு தூரம் அது? நாங்கள் தைக்கிற துணி அந்த உயரத்தில் போய் நிற்கப் போகிறது, என் பையன் தேரில் உட்கார்ந்து சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குக் குரல் கொடுக்கப் போகிறான். கரண்ட் நிறுத்துவதாக எழுதி வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

பங்குனி 20, வெள்ளி

டீச்சரக்கா விழாக்குழுவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: உச்சிச் சீலையை ஒரு முழம் குறைத்துத்தான் தைப்போம், அதற்கு மேல் மூங்கில் ஏற்றினால் மூட எங்களிடம் துணி கிடையாது. அளவை நானே வெட்டினேன்.

பங்குனி 22, ஞாயிறு

மேற்கே மின்னியது. எல்லாரும் மண்டபத்து வாசலுக்கு ஓடிவந்து பார்த்தோம். ஒரு தூறல், நின்றுவிட்டது. வெளியே காய்ந்த ஒரு தொம்பை நனைந்தது. அன்னம் வெள்ளையாகவே இருக்கிறது!

"சாமி மேல போடுற சீலை" என்றவள் இன்றைக்கு வந்தாள். தூரமாகத்தான் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியவில்லை என்று ஊசியை நீட்டினாள், காலனி அக்கா வாங்கிக் கோர்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

பங்குனி 24, செவ்வாய்

அத்தைக்கு மறுபடி காய்ச்சல். தேருக்குள் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று மாமா சொல்கிறார். யாளி நான்கும் முடிந்தன, நான்கிலும் வால் மேலேதான். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். கரண்ட் நிறுத்தும் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை, நாளைக் காலை டீச்சரக்காவோடு நேரில் போய் உட்காரப் போகிறேன். இரண்டு தொம்பைக்கு ஜாலர் பாக்கி. வெள்ளை நாடா தீர்ந்துவிட்டது, ஆறு மீட்டராவது வேண்டும்.