பினாங்கு ஃபெர்ரியில் தொடங்கிய பேச்சு

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஃபெர்ரி. பாலத்தில் காரில் போவது வேகம்தான், ஆனால் பினாங்குக்குக் கடல் வழியாகப் போவதே எனக்குப் பிடிக்கும்.

படகு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் விமானப்படை ஜெட் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. காலடித் தகடு வரை அதிர்ந்தது. "அத்தை, ஓட்டுறது பொண்ணா இருக்குமா?" என்றாள் அண்ணன் மகள். ஐந்தாம் படிவம் படிக்கிறாள், விமானி ஆக ஆசை. மிக்-29 சண்டை விமானம் ஓட்டிய சபா பெண் பெட்ரீசியா யாப்பை அவளுக்குத் தெரியும். உண்மையான போரிலேயே பெண்கள் சண்டை விமானம் ஓட்டியிருக்கிறார்கள் என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

1941 அக்டோபரில் சோவியத் நாட்டில் மரீனா ரஸ்கோவா முன்னின்று பெண்களுக்கென மூன்று விமானப் படைப்பிரிவுகளை உருவாக்கினார். அதில் 586-ஆவது, சண்டை விமானப் பிரிவு. ஆண்களுக்குத் தைத்த தொளதொள சீருடையில்தான் பயிற்சி. சரதோவ் நகரத்துக்கு இவர்கள்தான் காவல். 1942 செப்டம்பரில் ஓர் இரவு, நகரத்தைத் தாக்க வந்த ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தை வலேரியா ஹொம்யகோவா சுட்டு வீழ்த்தினார். சில வாரங்களிலேயே அவரும் விபத்தில் இறந்துபோனார். அதே பிரிவிலிருந்து ஸ்டாலின்கிராடுக்குப் போன லிடியா லித்வியாக், 1943 ஆகஸ்ட் 1 அன்று சண்டையில் காணாமல் போனார். இன்னும் 22 வயது முடியவில்லை. எதிரியிடம் பிடிபட்டிருப்பாரோ என்ற சந்தேகத்தில் நாட்டின் உயரிய வீரப் பட்டத்தை 1990 வரை தராமல் வைத்திருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் நடக்கும்போது இந்த ஊர்க் கதையைச் சொன்னேன். 1941 டிசம்பர் 11, ஜப்பானிய விமானங்கள் வந்தபோது சனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்களாம். குண்டு அவர்கள் மேலேயே விழுந்தது. சரதோவுக்கு ஒரு வலேரியா இருந்தார். ஜார்ஜ் டவுனுக்காக அன்று மேலே ஏறிப்போய் மறிக்க யாரும் இல்லை. சில நாளில் பிரிட்டிஷார் வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு, நம்மவர்களை அப்படியே விட்டுப் போனார்கள்.

மறுநாள் பாத்து மாவோங் போர் அருங்காட்சியகம். 1930களில் பிரிட்டிஷார் கட்டிய கோட்டை, கடலில் வரும் எதிரிக்காக. சுரங்கப் பாதையில் குனிந்து போக வேண்டும். காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் குன்றில் நடக்க முடியாது.