கொப்பரை காயும் மாடி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் சித்தப்பாவின் சோலார் விண்ணப்பம் இன்று மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

மேலே சிவப்பு மையில் இரண்டே வார்த்தை: "கூடுதல் தளம்".

மொட்டை மாடியில் 8 அடிக்கு இரும்புச் சட்டம், அதன் மேல் சோலார் தகடு. அவ்வளவுதான். கீழே கொப்பரை காயப்போட இடம் வேண்டும், அதனால்தான் அந்த உயரம். சுவர் கிடையாது, கதவு கிடையாது. அதை எப்படித் தளம் என்பது?

வீட்டுக் கூரையில் 10 கிலோவாட் வரை போட தொழில்நுட்ப ஆய்வே வேண்டாம் என்று 2024-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. மின்சாரத்துக்கு வழி விட்டாயிற்று, கட்டட விதியில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். இரும்புச் சட்டம் தாங்குமா என்று சோதியுங்கள், பக்கத்து வீட்டில் நிழல் விழுமா என்று பாருங்கள். அது நியாயம். மாடி வீடு கட்டுபவருக்கான படிவத்தையே இதற்கும் நீட்டுவது நியாயமில்லை.

சின்ன சோலார் அமைப்புகளுக்குத் தனி விதி வேண்டும். அடுத்த கிராம சபையில் கேட்கப் போகிறோம். இதே சிக்கலில் இருப்பவர்கள் திரும்பி வந்த விண்ணப்பத்தோடு வாருங்கள்.